ஏழு டெஸ்லாவில் ஒரு பொட்டு

ஆரபியிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். "உனக்கு என்ன வேலை?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டு எழுந்தவர் யாருமில்லை.

அப்படித்தான் காத்தோங் செண்பக விநாயகர் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டு நேரத்தில், பசுபதி மாமா வசமாக மாட்டிக்கொண்டார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற மனிதர், ஆரபியின் அம்மா மனோரஞ்சிதத்துக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஏதோ பேச்சுக்குக் கேட்டுத் தொலைத்தார்.

"ஸ்பின் லிக்விட் பத்தி ஆராய்ச்சி பண்றேன் மாமா."

"லிக்விட்டா? குடிக்கிறதா, ஊத்துறதா?"

"ரெண்டும் இல்ல. அது கல்லு."

"கல்லா?"

"கல்லுதான் மாமா. உள்ளுக்குள்ளதான் லிக்விட்."

மாமா அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ரசம் வருகிறதா என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முப்பத்திரண்டு வயதாகியும் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அந்த நிமிடமே அவருக்கு விளங்கிவிட்டதாம். அப்புறம் மனோரஞ்சிதத்திடம் அப்படித்தான் சொன்னாராம்.

விஷயம் அப்படியொன்றும் மந்திரமில்லை. எந்தப் பொருளுக்குள்ளும் எலெக்ட்ரான்கள் இருக்கின்றன அல்லவா, அவை ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்த ஊசி. சாதாரணக் காந்தப் பொருளைக் குளிர வைத்தால் ஊசிகளெல்லாம் பள்ளிக்கூடத்தில் காலையில் கொடியேற்றும்போது பிள்ளைகள் நிற்பது போல ஒழுங்காக நின்றுவிடும். உறைந்தது என்று அர்த்தம். சில பொருள்களில் அந்த ஊசிகளுக்கு ஒரு சங்கடம். இந்தப் பக்கத்து ஊசியோடு ஒத்துப்போனால் அந்தப் பக்கத்து ஊசியோடு தகராறு. எல்லாரையும் திருப்திப்படுத்த வழியே இல்லை. அதனால் எவ்வளவு குளிர வைத்தாலும் அவை உறையாமல் அலைந்துகொண்டே இருக்கும். அதற்குப் பெயர்தான் ஸ்பின் லிக்விட்.

ஆரபி இதை விளக்க ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்து லிட்டில் இந்தியாவைக் காட்டுவாள். கிராஞ்சி விடுதிகளிலிருந்தும் வேறு இடங்களிலிருந்தும் வேலை ஆட்கள் வந்து நிறைந்திருப்பார்கள். வரிசை என்று ஒன்று இருக்காது. ஆனாலும் அது கண்டபடி கிடக்கிற கூட்டமில்லை. ஒருவர் ஒதுங்கினால் அடுத்தவர் ஒதுங்குவார், அந்த ஒதுக்கம் பத்துக் கடை தள்ளி நிற்பவர் வரைக்கும் போய்ச் சேரும். "கல்லுக்குள்ள நடக்கிறதும் இதுதான்" என்பாள். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். தலையாட்டாவிட்டால் இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லுவாளே, என்ன செய்வது?

அவள் கையில் இருந்த கல் ருதீனியம் குளோரைடு. கன்னங்கரேலென்று, நொறுங்கிய அப்பளம் மாதிரி மெல்லிய செதில்கள். அழுத்திப் பிடித்தால் மடங்கும், மடங்கினால் குப்பைக்குத்தான் போகும். இந்தக் கல் கொஞ்சம் கோளாறு பிடித்தது. நன்றாகக் குளிர வைத்தால் இதன் ஊசிகள் கோணல்மாணலாக ஒரு வரிசை கட்டி உறைந்துவிடும். ஆனால் பக்கவாட்டில் காந்தப் புலத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஏழு டெஸ்லா அளவில் அந்த வரிசை உடைந்துவிடும். ஏழு டெஸ்லா என்றால் குளிர்பெட்டியில் ஒட்டுகிற காந்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கு மேல். இன்னும் ஏற்றினால் ஊசிகள் வேறு வழியில்லாமல் புலம் காட்டுகிற திசைக்கே திரும்பிவிடும்.

பழைய வரிசை உடைந்தாயிற்று, புதிய எசமானுக்கு இன்னும் பணியவில்லை. அந்த நடுவிலே ஊசிகள் யாருக்கும் கட்டுப்படாமல் நிஜமாகவே திரவமாக அலைகின்றனவா? இதுதான் கேள்வி. உலகத்தில் பாதி ஆய்வுக்கூடங்கள் உண்டு என்கின்றன, மீதிப் பாதி இல்லை என்று சண்டைக்கு வருகின்றன. ஆரபி மூன்று வருஷமாக அந்த நடுவிலேதான் குடியிருந்தாள்.

குடியிருப்புக்கும் முடிவு வந்துவிட்டது. டிசம்பரோடு அவளுடைய ஒப்பந்தம் தீர்கிறது. பேராசிரியர் டான் நல்ல மனுஷர்தான், ஆனால் புதிதாக ஒன்றைக் காட்டினால்தான் நீட்டிப்புக் கேட்க முடியும் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மூன்று வருஷத்தில் ஆரபி காட்டியதெல்லாம் மற்றவர்கள் ஏற்கனவே கண்டுபிடித்தது சரிதான் என்பதைத்தான். ராஃபிள்ஸ் பிளேஸில் வங்கி வேலையில் இருக்கும் அவளுடைய அத்தை மகன் சுஜீந்திரன், "பேசாம இங்க வந்துடு, உன் கணக்குக்கு இங்க நல்ல மதிப்பு, ஏசியும் நல்லா இருக்கும்" என்று மாதம் ஒரு தடவை மெசேஜ் போடுவான். வேலை தயாராகவே இருந்தது. ஆரபிக்குத்தான் மனசில்லை. திரவ ஹீலியம் ஊற்றும்போது கிளம்புகிற வெண்புகை, பம்பு ஓடும் சத்தம், திரையில் புள்ளி புள்ளியாக ஒரு கோடு வளர்வது, இதையெல்லாம் விட்டு அவளால் எப்படிப் போக முடியும்? அவ்வளவு ஆசை அந்த வேலை மேல்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் பூஜை நடப்பது பாக்கியலட்சுமி அக்காவால். பம்பு, ஹீலியம், வாயு உருளை எல்லாம் அக்காவின் பொறுப்பு. வீடு தேக்கா சந்தைப் பக்கம். முதல் நாளே சந்தைக்குப் போய்ப் பூ, பொரி, சந்தனம், குங்குமம் எல்லாம் வாங்கி வந்துவிடுவார். சுண்டல் அவர் வீட்டிலிருந்து வரும், வாழைப்பழம் பேராசிரியர் டான் செலவு. தமிழில் டானுக்குத் தெரிந்த ஒரே சொல் சுண்டல், மற்றப் பேச்செல்லாம் ஆங்கிலம்தான். காந்தத்தை இயக்கும் பெட்டிக்கு ஒவ்வொரு வருஷமும் அவர்தான் பொட்டு வைப்பார். அது நேராக வந்திருக்கிறதா என்று இரண்டடி பின்னால் போய் நின்று வேறு பார்ப்பார்.

"நீ எதுக்கு வைக்கிறே ஆரபி?" என்று அக்கா தட்டை நீட்டினார்.

ஆரபி யோசித்தாள். அவளுடைய ஆயுதம் எது? கல்லை ஒட்டிக் காந்தத்துக்குள் இறக்குகிற மெல்லிய குவார்ட்ஸ் தகடுதான். சுண்டுவிரல் அகலம்கூட இல்லாத அந்தத் தகட்டின் அடியில் சந்தனத்தைத் தொட்டு, மேலே துளியூண்டு குங்குமம் வைத்தாள். கண்ணை மூடி, "பிள்ளையாரே, டிசம்பருக்குள்ள ஏதாவது காட்டு" என்றும் வேண்டிக்கொண்டாள். மறுநாள் ஆல்கஹால் தொட்டுத் தகட்டைப் பளபளவென்று துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தாள். அவள் ஒன்றும் அசடு இல்லை.

பிள்ளையார் காட்டினார். அந்த வாரமே காட்டிவிட்டார்.

புலம் ஏழு டெஸ்லாவை நெருங்கும் இடத்தில், கல்லுக்குக் காந்தம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று திரையில் காட்டுகிற கோடு, சும்மா வழுவழுவென்று போக வேண்டியது, ஒரு துள்ளல் துள்ளியது. சின்னத் துள்ளல்தான், ஆனால் யாரும் இதுவரைக்கும் பார்த்ததாகச் சொல்லாத துள்ளல். ஆரபிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு தடவை ஏற்றினாள், அதே இடத்தில் துள்ளியது. இறக்கினாள், இறங்கும்போதும் துள்ளியது. பேராசிரியர் டான் ஓடி வந்து திரையைப் பார்த்துவிட்டு, "வா லாவ்!" என்று வாயைப் பிளந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார். ஜப்பானில் நடக்கப்போகும் கூட்டத்தில் அவளுக்கு ஓர் இடம் கேட்டு அன்றைக்கே எழுதினார். நீட்டிப்புக்கான சிபாரிசை அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்புவதாகவும் சொன்னார்.

ஆரபி செய்த ஒரே தப்பு, அன்றைக்கு இதை அம்மாவிடம் சொன்னது. மனோரஞ்சிதத்துக்குத் தலைகால் புரியவில்லை. என்ன துள்ளியது, எங்கே துள்ளியது என்றெல்லாம் கேட்கவில்லை. அவர்கள் குடியிருந்த பிடோக் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள், கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு நிற்கிறவர்கள், எல்லாரிடமும் சொல்லி முடித்தார். பசுபதி மாமா தமது பழைய அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு, "நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அந்த வார வெள்ளிக்கிழமையே கோயிலில் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை அழைத்து வந்து, "அக்காகிட்ட ஆசீர்வாதம் வாங்கிக்கோ" என்றார்கள். ஆரபி தூண் மறைவில் போய் நின்றுகொண்டாள்.

துள்ளல் கிடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருந்தது. கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வைத்து, புலம் வேறு திசையிலிருந்து வந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பது. ஆரபி திருப்பினாள். துள்ளல் வந்தது. இன்னும் திருப்பினாள். அப்போதும் வந்தது, அதே இடத்தில், அதே உயரத்தில். ரொம்பச் சந்தோஷப்பட்டாள். எப்படித் திருப்பினாலும் வருகிறதே, எவ்வளவு உறுதியான கண்டுபிடிப்பு!

மறுநாள் காலையில் புவோனா விஸ்தாவில் ரயில் மாறுகிற இடத்தில்தான் அது மண்டைக்குள் ஏறியது. எஸ்கலேட்டரில் பாதி தூரம் போயிருந்தாள். எப்படித் திருப்பினாலும் ஏன் வருகிறது? இந்தக் கல்லுக்குத் திசைதானே உயிர். புலம் இந்தப் பக்கமாக வந்தால் ஒரு மாதிரி, அந்தப் பக்கமாக வந்தால் வேறு மாதிரி என்று முறுக்கிக்கொள்வதுதானே இதன் பிறவிக் குணம். கல்லைத் திருப்புவது துள்ளலுக்குத் தெரியவே இல்லை என்றால், துள்ளுவது கல்தானா?

எஸ்கலேட்டரின் மீதித் தூரத்தை ஓடியே கடந்தாள்.

ஆய்வுக்கூடத்துக்கு வந்ததும் பையைக்கூடக் கீழே வைக்காமல் கல்லைக் கழற்றினாள். வெறும் தகட்டை மட்டும் காந்தத்துக்குள் இறக்கினாள். வெறும் தகட்டை அளந்து, கல் வைத்து அளந்ததிலிருந்து கழிப்பதுதான் அவர்கள் வழக்கம். அந்த வெறுந்தகட்டை அவள் செப்டம்பரிலேயே அளந்து வைத்திருந்தாள். மாறவா போகிறது என்று அதையே இதுவரைக்கும் கழித்துக்கொண்டிருந்தாள். இப்போது புலம் ஏறியது, ஐந்து, ஆறு. ஏழு டெஸ்லாவை நெருங்கியதும் கோடு ஒரு துள்ளல் துள்ளியது.

கல்லே இல்லை. கண்டுபிடிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

தகட்டை நுண்ணோக்கியின் கீழே வைத்தாள். அடிப்பக்கத்தில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு மயிரிழை வெடிப்பு. அதற்குள் சிவப்பாக, ஒரு கோடு.

"அக்கா, இங்க வந்து பாருங்க."

பாக்கியலட்சுமி அக்கா குனிந்து பார்த்தார். "அட, நம்ம குங்குமம்" என்றார் வாஞ்சையாக. அப்புறம்தான் ஆரபியின் முகத்தைப் பார்த்தார்.

"குங்குமம்னா மஞ்சளும் சுண்ணாம்பும்தானேக்கா? அதுக்கும் காந்தத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"சுத்தமான மஞ்சள் குங்குமம்னு சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்!"

அக்காவின் கைப்பையில் அந்தப் பொட்டலத்தில் மிச்சம் இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு சிட்டிகையை உறிஞ்சுகுழாய்த் துண்டுக்குள் அடைத்து, பஞ்சு வைத்து மூடி, பக்தியோடு காந்தத்துக்குள் இறக்கினார்கள். திரையில் கோடு வளர்ந்தது. ஏழு டெஸ்லாப் பக்கம் வந்ததும் குங்குமம் குதித்தது பாருங்கள், ஆளை அடிக்கிற குதி!

"பாவி! செங்காவியைக் கலந்து வித்திருக்கான்!" என்றார் அக்கா.

செங்காவி என்றால் இரும்புத் துருதானே. நல்ல குளிரில் துருவுக்குள் இருக்கிற ஊசிகளும், காலக்கிரகம், கிட்டத்தட்ட அதே புலத்தில்தான் சட்டென்று குட்டிக்கரணம் போடுகின்றன. அதுவும் பொடி என்பதால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதற்கு ஒன்றுதான். கல் பாவம், ஒன்றுமே செய்யவில்லை.

"என்னாலதானே எல்லாம்" என்று அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வச்சது நான்தானேக்கா. நீங்க தட்டைத்தான் நீட்டுனீங்க."

அன்று வியாழக்கிழமை. சிபாரிசு போகப்போவது மறுநாள். ஒரே ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அப்புறம் மெதுவாக, இப்போதுதான் கவனித்த மாதிரி சொல்லிக்கொள்ளலாம். ஆரபியும் மனுஷிதானே, நினைக்காமல் இல்லை. கீழே கேண்டீனில் பாலில்லாத கோப்பி ஓ ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, அது ஆறுகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிற அளவுக்கு வங்கி வேலை அப்படியொன்றும் பயங்கரமில்லை என்று கடைசியில் தோன்றியது. கோப்பியைக் குடிக்காமலே எழுந்து மேலே போனாள்.

பேராசிரியர் டான் எல்லாவற்றையும் கேட்டார். இரண்டு கோடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். முதலில் முகம் இறுகியது. பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. சிரிப்பு அடங்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நானும் ஒரு பொட்டு வச்சேனே லா" என்றார். சிரித்து முடித்ததும் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஆரபி, நீட்டிப்புக் கேட்கலாம்னு இருந்தது அந்தத் துள்ளலுக்காக. இப்ப அது இல்ல."

"தெரியும் புரொஃப்."

"ஜப்பானுக்கும் எழுதி நிறுத்தணும்."

"நானே எழுதிடறேன்."

"டிசம்பர் வரைக்கும் காந்தம் உன்னோடது. யாரும் கேட்கமாட்டாங்க."

அம்மாவிடம் சொல்வதுதான் இதைவிடப் பெரிய கஷ்டமாக இருந்தது. சமையலறையில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்த மனோரஞ்சிதம் அடுப்பை அணைத்தார்.

"குங்குமமா?"

"ஓம் அம்மா."

"அப்ப நான் கோயில்ல சொன்னதெல்லாம்?"

"வாபஸ்தான்."

மனோரஞ்சிதம் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தார். ஆரபி திட்டு விழும் என்று காத்திருந்தாள். "பிழையைப் பிடிச்சது ஆர்?" என்றார் கடைசியில்.

"நான்தான்."

"வேற ஒருத்தரும் இல்லையே?"

"இல்ல."

"சரி பிள்ளை, நான் பார்த்துக்கொள்ளுறன்."

என்ன பார்த்துக்கொண்டார் என்பது வெள்ளிக்கிழமை தெரிந்தது. உலகத்தில் யாருக்கும் தெரியாத பிழையைத் தன் மகள் தனி ஆளாகக் கண்டுபிடித்துவிட்டதாகக் கோயில் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கண்டுபிடிப்பைவிட இது இன்னும் பெரிய சாதனை என்று பசுபதி மாமா ஒப்புக்கொண்டார். ஆரபிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மிச்சமிருந்த நாள்களில் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. வெடிப்பில்லாத புதுத் தகடு ஒன்றை எடுத்தாள். வெறுந்தகட்டை அன்றன்றைக்கே அளந்தாள். கல்லைக் கத்தி முனையில் ஏந்தி, மூச்சை அடக்கி, மடங்காமல் ஒட்டினாள். அதைத் திருப்பி ஒட்டுவது இன்னும் பெரிய பாடு. எத்தனையோ கல் மடங்கிக் குப்பைக்குப் போயிற்று. அக்கா ஹீலியத்தை ஒரு நாளும் குறைய விடவில்லை. பரிகாரம் மாதிரி ஊற்றிக்கொண்டே இருந்தார்.

துள்ளல் போய்விட்டது, போகட்டும். புலம் ஏழு டெஸ்லாவை நெருங்க, கோணல் வரிசை உடைந்தது, அது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பிறகு கோடு கொஞ்சம் சாய்ந்து, ரொம்ப லேசாக, ஒரு திட்டு மாதிரி சமமாகப் போனது. ஊசிகள் பழைய வரிசையிலும் இல்லை, புலத்துக்கும் தலைவணங்கவில்லை. முன்பெல்லாம் பழைய வெறுந்தகட்டுக் கணக்கைக் கழித்ததில் தொலைந்து, அப்புறம் குங்குமத்தின் குதியாட்டத்துக்குப் பின்னால் மறைந்து, இந்தச் சின்னத் திட்டு இத்தனை நாள் கிடந்திருக்கிறது. ஆரபி அதை நம்பவில்லை. குங்குமத்தில் சூடு பட்டவள் இல்லையா, எதை நம்புவாள்?

கல்லைத் திருப்பினாள். திட்டு ஒடுங்கியது.

இன்னும் திருப்பினாள். அகன்றது.

"திரும்புதுக்கா! திருப்பினா மாறுதுக்கா!" என்று அவள் கத்திய கத்தலில் பாக்கியலட்சுமி அக்கா ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார். என்ன மாறுகிறது என்று அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆரபி அந்தக் கோடுகளைப் பேராசிரியர் டானின் மேசையில் பரப்பினாள். அவர் நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். வெறுந்தகட்டை எப்போது அளந்தாய் என்று கேட்டார். அதே நாளில் என்றாள். ஒவ்வொன்றையும் அப்படியா என்று கேட்டார். ஒவ்வொன்றையும் என்றாள்.

"ரொம்பச் சின்னது ஆரபி."

"ஆமா."

"இதை யாரும் லேசில் நம்பமாட்டாங்க. சண்டைக்கு வருவாங்க."

"நம்ப வேண்டாம் புரொஃப். அவங்களே கல்லைத் திருப்பிப் பார்க்கட்டும்."

பேராசிரியர் தாள்களை ஒன்றாக அடுக்கினார். "அவங்க இங்க வருவாங்க. எங்க முன்னால திருப்பிக் காட்டுன்னு கேட்பாங்க. யார் திருப்பிக் காட்டுறது? நானா? என் கை பட்டா இந்தக் கல்லு மடங்கிடும்." தாள்களை அவளிடமே நீட்டினார். "நீ இங்க இருக்கணுமே லா."

ஆரபிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வங்கிக்குப் போகவும் தயாராகி, மனசைக் கல்லாக்கி வைத்திருந்தவள், சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். பேராசிரியர் பதறிப்போய் டிஷ்யூப் பெட்டியைத் தேடினார், கிடைக்கவில்லை. தன் கைக்குட்டையையே நீட்டினார்.

"எவ்வளவு நாளைக்கு?" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"ரெண்டு வருஷம் கேட்கப் போறேன். ஒரு வருஷமாவது தராம விடமாட்டேன்" என்றார் அவர். "அழுது முடிச்சிட்டா போய் அடுத்த கோணத்தை அள."